அமெரிக்காவில் சோஷலிசம்: தோற்ற கட்சி, தங்கிவிட்ட திட்டங்கள்

2025 நவம்பர் 4ஆம் தேதி இரவு, நியூயார்க் மேயர் தேர்தலில் வென்ற ஸோரான் மம்தானி தன் வெற்றி உரையை ஒரு மேற்கோளோடு தொடங்கினார். மனித குலத்துக்கு நல்லதொரு நாள் விடிவது தெரிகிறது என்ற அந்த வாசகத்துக்குச் சொந்தக்காரர் யூஜின் டெப்ஸ். அதே உரையில் பிற்பாடு வந்த நேருவின் வரிதான் இந்தியாவில் அதிகம் பேசப்பட்டது. டெப்ஸ் யார், 1926இல் இறந்துபோன ஒருவரை நியூயார்க்கின் புதிய மேயர் ஏன் முதலில் நினைவுகூர வேண்டும் என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயிற்று.

குழப்பம் அத்தோடு முடியவில்லை. மம்தானி தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்கிறார். அதிபர் டிரம்ப் அவரைக் கம்யூனிஸ்ட் என்றார். அவர் போட்டியிட்டதோ ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக. அந்தக் கட்சியின் மூத்த தலைவர்கள் சிலரோ கடைசிவரை அவருக்கு ஆதரவு என்று வாய்திறந்து சொல்லவில்லை. இவை எல்லாம் ஒரே நேரத்தில் எப்படிப் பொருந்தும்?

தமிழ் வாசகருக்கு இன்னொரு தடையும் உண்டு. சோஷலிசம் என்ற சொல் நமக்கு அச்சம் தருவதே இல்லை. ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் கட்சி 1955இல் நிறைவேற்றியது சென்னையை அடுத்த ஆவடியில். இந்தியாவில் ஒரு கட்சியைத் தேர்தல் ஆணையத்தில் பதிவுசெய்ய வேண்டுமென்றால், சோஷலிசக் கோட்பாட்டுக்கு உண்மையாக இருப்போம் என்று அதன் விதிகளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இலங்கையின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ‘ஜனநாயக சோசலிசக் குடியரசு’ இருக்கிறது. சடங்கைப்போல எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல் இங்கே. அமெரிக்காவில் அதே சொல் தேர்தல்களின் போக்கையே திருப்புகிறது. ஏன் என்று புரிந்துகொள்ள நூறாண்டுக் கதையைப் புரட்ட வேண்டும்.

ஒரு சொல், மூன்று பொருள்

அமெரிக்க விவாதங்களில் ‘சோஷலிசம்’ என்று காதில் விழும்போதெல்லாம், கீழே உள்ள மூன்றில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. உடைமை பற்றிய கொள்கை. ஆலை, சுரங்கம், ரயில், வங்கி போன்றவை தனியார் கையில் இல்லாமல் சமூகத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது. பழைய, கறாரான பொருள் இதுதான். புரட்சியால் இதை அடையலாம் என்றவர்கள் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். வாக்குப்பெட்டி வழியாகத்தான் போக வேண்டும் என்றவர்கள் ஜனநாயக சோஷலிஸ்டுகள்.

2. பாதுகாப்புத் திட்டங்கள். தனியார் தொழில் இருக்கட்டும், ஆனால் முதுமை, நோய், வேலையின்மை ஆகியவற்றிலிருந்து மக்களை வரிப்பணத்தில் அரசு காக்க வேண்டும் என்பது. டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளின் வழி. ஐரோப்பாவில் இதைச் சமூக ஜனநாயகம் என்பார்கள். இன்றைய அமெரிக்க சோஷலிஸ்டுகள் மேடையில் கேட்பதில் முக்கால்வாசி இதுதான்.

3. வசைச்சொல். அரசு செய்ய நினைக்கும், எதிராளிக்குப் பிடிக்காத எந்தக் காரியத்துக்கும் ஒட்டப்படும் சீட்டு.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பயணித்திருக்கின்றன என்பதே அமெரிக்கக் கதையின் விசித்திரம். முதலாவது கிட்டத்தட்ட அழிந்தது. இரண்டாவது வேறு பெயர்களில் சட்டமாயிற்று. மூன்றாவது நாளுக்கு நாள் கொழுத்தது.

மே தினத்தின் தாய்நாடு

உலகம் கொண்டாடும் மே தினம் பிறந்தது மாஸ்கோவில் இல்லை, சிகாகோவில். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம், மே 4ஆம் தேதி ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்ததில் இரத்தக் களரியாயிற்று. குண்டை வீசியவர் யார் என்று கடைசிவரை நிறுவப்படவில்லை. ஆனாலும் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் நினைவாக 1889இல் பாரிசில் கூடிய சோஷலிஸ்டுகளின் மாநாடு மே 1ஐத் தொழிலாளர் நாளாக அறிவித்தது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் ஏற்றிய மே தினக் கொடிக்கு மூலம் சிகாகோதான்.

ஆனால் அமெரிக்கா மே தினத்தைக் கொண்டாடுவதில்லை. அங்கே தொழிலாளர் தினம் செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை. அந்த விடுமுறைச் சட்டத்தில் அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் கையெழுத்திட்டது 1894 ஜூன் 28. அதே வாரத்தில்தான் நாட்டின் ரயில்களை நிறுத்திய ஒரு போராட்டம் வெடித்திருந்தது. அடுத்த சில நாட்களில் அதே கிளீவ்லண்ட் அதை நசுக்கப் படையை அனுப்பினார். ஒரு கையில் விடுமுறை, மறு கையில் துப்பாக்கி.

அந்தப் போராட்டத்தின் தலைவர்தான் டெப்ஸ்.

டெப்ஸ்: ரயிலிலிருந்து சிறைக்கு

இண்டியானா மாநிலத்து டெரிஹோட் ஊரில் 1855இல் பிறந்தவர். பதின்வயதிலேயே ரயில்வே வேலைக்குப் போனார். 1894இல் ரயில் பெட்டிகள் செய்யும் புல்மன் நிறுவனம் கூலியைக் குறைத்தது. தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகளும் அதே முதலாளியுடையவை. கூலி குறைந்தது, வாடகை குறையவில்லை. டெப்ஸின் சங்கம், புல்மன் பெட்டி கோத்த எந்த ரயிலையும் ஓட்டமாட்டோம் என்றது. நீதிமன்றம் தடை விதித்தது, படை வந்தது, டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. உள்ளே போனபோது அவர் தொழிற்சங்கத் தலைவர். சிறையில் படித்த நூல்களும் சந்தித்த மனிதர்களும் அவரை மெல்ல சோஷலிசத்தின் பக்கம் கொண்டுசேர்த்தன.

1901இல் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி உருவாயிற்று. டெப்ஸ் ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்றார். 1900இல் கிடைத்தது சுமார் 88 ஆயிரம் வாக்குகள். 1912இல் 9 லட்சம், அதாவது மொத்த வாக்குகளில் 6 சதவீதம். அந்த ஆண்டு நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிப் பதவிகளில் சோஷலிஸ்டுகள் இருந்தார்கள். கான்சஸ் மாநிலத்தின் ஜிரார்ட் என்ற சிற்றூரிலிருந்து வந்த அவர்களுடைய வாரப் பத்திரிகை ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

1912இல் டெப்ஸ் தன் விகிதத்தில் அதிகம் பெற்ற மாநிலங்களில் ஒன்று ஓக்லஹோமா. அங்கே 16 சதவீதம். அது ஆலைகள் நிறைந்த மாநிலம் இல்லை. பருத்தி பயிரிட்ட குத்தகை விவசாயிகளின் மண். கடனுக்கும் வட்டிக்கும் இடையில் நசுங்கியவர்கள், பைபிளையும் சோஷலிசத்தையும் ஒரே கூடாரத்தில் கேட்டார்கள். இன்றைக்கு ஓக்லஹோமாவில் குடியரசுக் கட்சி அதிபர் தேர்தல்களில் ஒரு மாவட்டத்தைக்கூட இழப்பதில்லை. சோஷலிசம் என்பது குடியேறிகளும் கல்லூரிக்காரர்களும் பெருநகரங்களில் வளர்த்த சரக்கு என்ற எண்ணத்தை இந்த ஒரு மாநிலமே உடைத்துவிடும்.

சாக்கடை சோஷலிஸ்டுகள்

விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரம் இன்னொரு வகை. ஜெர்மானியக் குடியேறிகளின் ஊர். 1910இல் எமில் சைடல் என்ற சோஷலிஸ்ட் மேயரானார். பின்பு டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை, பிராங்க் சைட்லர் 1948 முதல் 1960 வரை. அரை நூற்றாண்டில் ஏறக்குறைய 38 ஆண்டுகள் ஓர் அமெரிக்கப் பெருநகரை சோஷலிஸ்டுகள் ஆண்டிருக்கிறார்கள். அதுவும் பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் உட்பட.

என்ன செய்தார்கள்? புரட்சி எதுவும் இல்லை. சாக்கடை கட்டினார்கள். குடிநீரைச் சுத்தமாக்கினார்கள், ஏரிக்கரையைப் பூங்காவாக்கினார்கள், லஞ்சத்தை ஒழித்தார்கள், கடன் வாங்காமல் கணக்கு வைத்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த சோஷலிஸ்ட் தலைவர் மாரிஸ் ஹில்குவிட், இவர்கள் எப்போது பார்த்தாலும் சாக்கடையைப் பற்றியே பேசுகிறார்கள் என்று எரிச்சல்பட்டு ‘சாக்கடை சோஷலிஸ்டுகள்’ என்றார். ஏளனம் செய்ய வைத்த பெயரை மில்வாக்கிக்காரர்கள் பதக்கம்போலச் சூடிக்கொண்டார்கள். அந்நகரக் கழிவுநீர் நிலையத்தின் கசடிலிருந்து 1926 முதல் தயாராகும் ‘மில்ஆர்கனைட்’ உரம் இன்றும் அமெரிக்கப் புல்வெளிகளுக்குப் போடப்படுகிறது.

இவர்களில் விக்டர் பெர்கர் முக்கியமானவர். 1910இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் சோஷலிஸ்ட். 1911இல் முதியோர் ஓய்வூதிய மசோதாவை அந்தச் சபையில் முதன்முதலாகக் கொண்டுவந்தவரும் அவரே. மசோதா அப்போது தோற்றது. ஆனால் இருபத்து நான்கு ஆண்டு கழித்து அது திரும்பி வந்தது. வேறொருவர் பெயரில்.

பெர்கரைப் பாராட்டும்போது அவருடைய இனவெறியையும் சொல்லியாக வேண்டும். கறுப்பர்கள் தாழ்ந்த இனம் என்று எழுத்திலேயே வைத்தவர் அவர். டெப்ஸ் அப்படியில்லை, கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்காரவைத்த கூட்டங்களில் பேச மறுத்தார். ஆனாலும் கறுப்பர்களுக்கென்று தனியாகச் சொல்ல எங்கள் கட்சியிடம் எதுவும் இல்லை என்பதே அவர் நிலை. வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் நிறப் பிரச்சினை தானே தீரும் என்ற இந்த வாதத்தைச் சாதி விஷயத்தில் நம் ஊர் இடதுசாரிகளிடம் கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் ஓட்டை உடனே தெரியும்.

1917: அரசு அடித்த அடி

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஐரோப்பாவின் பெரிய சோஷலிஸ்ட் கட்சிகள் பல அதற்கு முன்பே தத்தம் அரசுகளின் பக்கம் சாய்ந்திருந்தன. அமெரிக்கக் கட்சியோ அதே மாதம் செயின்ட் லூயிசில் கூடிப் போரை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதற்குக் கொடுத்த விலை பெரிது.

போர் எதிர்ப்புப் பேச்சையும் தண்டிக்க வழிசெய்த உளவுச் சட்டம் 1917இல் வந்தது. அஞ்சல் துறை சோஷலிஸ்ட் பத்திரிகைகளின் தபால் சலுகையைப் பறித்தது. பெரும்பாலான வாசகர்கள் தபாலில் பெற்ற காலத்தில் அது பத்திரிகையின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். ஓக்லஹோமாவில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்துக் குத்தகை விவசாயிகள் 1917 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானதும் அந்த மாநிலக் கட்சியே கலைந்தது. 1918 ஜூன் 16 அன்று ஓஹையோவின் கேன்டன் நகரில் போரைக் கண்டித்துப் பேசியதற்காக டெப்ஸுக்குப் பத்தாண்டுத் தண்டனை. உச்ச நீதிமன்றம் 1919இல் ஒருமனதாக அதை உறுதிசெய்தது. மம்தானி எடுத்தாண்ட வாசகம், அந்த வழக்கில் தண்டனை அறிவிக்கப்படும் முன் டெப்ஸ் நீதிமன்றத்தில் சொன்னது.

1920இல் அட்லாண்டா சிறைக்குள் இருந்தபடியே டெப்ஸ் அதிபர் தேர்தலில் நின்றார். ‘கைதி எண் 9653ஐ அதிபராக்குங்கள்’ என்ற சட்டைப் பொத்தான்கள் விற்றன. 9 லட்சத்துக்கு மேல் வாக்கு கிடைத்தது. பெண்களுக்கு வாக்குரிமை வந்து வாக்காளர் தொகை பெருகியிருந்ததால் விகிதம் மட்டும் 3.4 சதவீதமாக இறங்கியது. 1921 கிறிஸ்துமஸ் நாளில் அதிபர் ஹார்டிங் அவரை விடுவித்தார்.

பெர்கருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், சபை இடம் தர மறுத்தது. இடைத்தேர்தலில் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள், சபை மறுபடியும் மறுத்தது. நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் 1920இல் ஐந்து சோஷலிஸ்ட் உறுப்பினர்களை வெளியேற்றியது. இதற்கிடையில் ரஷ்யப் புரட்சியின் பாதையில் போவதா வேண்டாமா என்று 1919இல் கட்சியே உடைந்து, கம்யூனிஸ்டுகள் பிரிந்து போனார்கள். பாதி அடி வெளியிலிருந்து, பாதி அடி உள்ளிருந்து.

ஏன் ஒரு தொழிலாளர் கட்சி நிலைக்கவில்லை?

பிரிட்டனில் தொழிலாளர் கட்சி கால் நூற்றாண்டுக்குள் லிபரல்களை ஓரங்கட்டி ஆட்சிக்கு வந்தது. அமெரிக்காவில் அது நடக்காததற்கு அறிஞர்கள் நூறாண்டுகளாகக் காரணம் தேடுகிறார்கள். ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் சோம்பார்ட் 1906லேயே இதைப் பற்றி நூல் எழுதிவிட்டார். அடக்குமுறை ஒரு காரணம், அதைப் பார்த்தோம். மற்றவை:

1. தேர்தல் முறை. அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்ற முறை மூன்றாவது கட்சிக்கு எங்குமே கடினம். இந்தியாவிலும் அதே முறைதான், ஆனாலும் மாநிலக் கட்சிகள் செழித்தன என்று கேட்கலாம். வேறுபாடு அதிபர் பதவியில் இருக்கிறது. நாடாளுமன்ற முறையில் பத்து எம்.பி.க்கள் உள்ள கட்சி கூட்டணியில் சேர்ந்து அமைச்சர் பதவி கேட்கலாம். அமெரிக்க அதிபர் பதவியைப் பங்குபோட முடியாது. எனவே மூன்றாவது வேட்பாளருக்குப் போடும் வாக்கு, பிடிக்காதவரை வெல்லவைக்கும் வாக்காகிவிடும் என்ற பயம் ஓயாது.

2. வாக்குரிமை முந்திக்கொண்டது. ஐரோப்பியத் தொழிலாளிக்கு வாக்கே போராடிப் பெற வேண்டியதாக இருந்தது. அந்தப் போராட்டமே அவர்களை வர்க்கக் கட்சியாகத் திரட்டியது. அமெரிக்காவில் வெள்ளை ஆண் தொழிலாளிக்கு ஆலைகள் வருமுன்பே வாக்கு கிடைத்துவிட்டது. ஆலை வந்தபோது அவர் ஏற்கெனவே இரண்டு கட்சிகளில் ஒன்றின் ஆளாக இருந்தார்.

3. தொழிற்சங்கங்களின் போக்கு. சாமுவேல் கோம்பர்ஸ் தலைமையிலான பெரிய சங்கக் கூட்டமைப்பு, தனிக்கட்சி வேண்டாம், நண்பனுக்குப் பரிசு கொடு, எதிரிக்குத் தண்டனை கொடு என்ற வழியைப் பிடித்தது.

4. நிறமும் மொழியும். ஒரே ஆலையில் போலந்துக்காரர், இத்தாலியர், அயர்லாந்துக்காரர், கறுப்பர். ஒரு பிரிவினர் வேலைநிறுத்தம் செய்தால் இன்னொரு பிரிவினரைக் கொண்டுவருவது முதலாளிகளுக்குக் கைவந்த கலை.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கனமாகப்படும் ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு: அமெரிக்கக் கட்சிகளுக்குக் கதவு இல்லை. அதைத் தனியே பார்க்க வேண்டும்.

வடக்கு டகோட்டா கண்டுபிடித்த குறுக்குவழி

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரைத் தலைமை முடிவுசெய்வதில்லை. ‘பிரைமரி’ என்ற முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்களே முடிவுசெய்கிறார்கள். கட்சித் தலைவருக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றாலும் அவர் பிரைமரியில் வென்றால் அவர்தான் வேட்பாளர். ‘பி’ படிவத்தில் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் சின்னம் கிடைக்கும் நம் ஊரிலிருந்து பார்ப்பவருக்கு இது நம்பமுடியாததாக இருக்கும்.

இதன் பலத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஆர்தர் டவுன்லி. வடக்கு டகோட்டாவில் சோஷலிஸ்ட் கட்சிக்கு ஆள் சேர்த்தவர். விவசாயிகளுக்குத் திட்டம் பிடிக்கிறது, பெயர் பிடிக்கவில்லை என்று கண்டுகொண்டார். 1915இல் கட்சிச் சாயம் பூசாத ஓர் அமைப்பைத் தொடங்கி, 1916இல் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் ஆட்களை நிறுத்தினார். அவர்கள் வென்று மாநில ஆளுநர் பதவியையே பிடித்தார்கள். கோதுமை வியாபாரிகளின் பிடியிலிருந்து விவசாயிகளை மீட்க 1919இல் மாநில அரசுக்குச் சொந்தமான வங்கியையும் மாவு ஆலைத் திட்டத்தையும் சட்டமாக்கினார்கள். வடக்கு டகோட்டா வங்கி இன்றும் நடக்கிறது, அந்த அரசு ஆலையும் நடக்கிறது. நாட்டிலேயே கெட்டியான குடியரசுக் கட்சி மாநிலங்களில் ஒன்று அது. இரண்டையும் மூடு என்று அங்கே யாரும் கொடிபிடிப்பதில்லை.

இதே சோதனையைக் கலிபோர்னியாவில் செய்து பார்த்தவர் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர். சோஷலிஸ்டாக ஆளுநர் தேர்தலில் நின்று பார்த்தார். பிறகு 1934இல் அதே எண்ணங்களோடு ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்று அதன் வேட்பாளரானார். தேர்தலில் தோற்றாலும் பாடம் கற்றார். 1951இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்க மக்கள் சோஷலிசத்தை ஏற்பார்கள், அதன் பெயரை ஏற்கமாட்டார்கள் என்றார். சோஷலிஸ்டாக நின்றபோது கிடைத்தது 60 ஆயிரம், பெயரை மாற்றியபோது கிடைத்தது 8 லட்சத்து 79 ஆயிரம் என்று கணக்கும் சொன்னார். அவர் கடிதம் எழுதியது நார்மன் தாமஸுக்கு. டெப்ஸுக்குப் பின் ஆறு முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்ற சோஷலிஸ்ட் அவர்.

பெயர் இல்லாமல் வந்த திட்டங்கள்

1932இல், பெருமந்தம் எனப்பட்ட பொருளாதார வீழ்ச்சியின் அடியாழத்தில் தாமஸ் கிட்டத்தட்ட 9 லட்சம் வாக்கு வாங்கினார். 1936இல் 2 லட்சத்துக்கும் கீழே சரிந்தார். இடையில் நடந்தது அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ‘புதிய ஒப்பந்தம்’ (நியூ டீல்) என்ற சீர்திருத்தத் திட்டங்கள். முதியோர் ஓய்வூதியம், வேலையற்றோர் காப்பீடு, சங்கம் அமைக்கும் உரிமை, அரசே வேலை கொடுக்கும் பொதுப்பணிகள் என்று சோஷலிஸ்டுகள் கேட்டுவந்தவற்றில் பல, 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் போன்றவற்றின் வழியாக வந்துவிட்டன. பெர்கரின் 1911 மசோதாவின் எண்ணம் இப்படித்தான் நிறைவேறியது. தெற்கு மாநிலங்களின் கறுப்பர்களில் பெரும்பகுதியினர் செய்த பண்ணை வேலையும் வீட்டு வேலையும் அந்தச் சட்டத்திலிருந்து தொடக்கத்தில் விலக்கப்பட்டன என்பதையும் குறிக்க வேண்டும்.

இது சோஷலிசமா? தாமஸ் இல்லை என்றார், சரியாகவே சொன்னார். வங்கிகளை ரூஸ்வெல்ட் அரசுடைமை ஆக்கவில்லை, காப்பாற்றித் தனியாரிடமே கொடுத்தார். ஆனால் 1936 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஆல் ஸ்மித்தே, இந்த அரசு சோஷலிஸ்ட் கட்சியின் கொள்கை அறிக்கையைத்தான் நிறைவேற்றுகிறது என்று மேடையில் சாடினார். மேலே சொன்ன மூன்றாவது பொருள் இங்கே முழு வடிவம் எடுக்கிறது.

வசைச்சொல்லின் வளர்ச்சி

பனிப்போர் அதற்கு எண்ணெய் ஊற்றியது. அதிபர் ட்ரூமன் தேசிய மருத்துவக் காப்பீடு கேட்டபோது அமெரிக்க மருத்துவர் சங்கம் பெரும் பணம் செலவழித்து ‘சோஷலிச மருத்துவம்’ என்று விளம்பரம் செய்தது. திட்டம் விழுந்தது. 1952 அக்டோபரில் சிரக்யூஸ் நகரில் பேசிய ட்ரூமன் பட்டியலே போட்டார்: அரசு மின்சாரம், சமூகப் பாதுகாப்பு, விவசாய விலை ஆதரவு, வங்கி வைப்புக் காப்பீடு, தொழிற்சங்கம், எல்லாவற்றையும் சோஷலிசம் என்றே சொன்னார்கள் என்று.

1961இல் முதியோர் மருத்துவக் காப்பீடு பேச்சுக்கு வந்தபோது, அப்போது நடிகராக இருந்த ரொனால்டு ரேகன் அதே மருத்துவர் சங்கத்துக்காக ஓர் இசைத்தட்டில் பேசி எச்சரித்தார். 1965இல் அந்தக் காப்பீடு மெடிகேர் என்ற பெயரில் சட்டமாயிற்று. இன்று ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். 2009இல் ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்தம் விவாதிக்கப்பட்டபோது, தென் கரோலினாவில் ஒருவர் தன் நாடாளுமன்ற உறுப்பினரிடம், என் மெடிகேரில் அரசு கைவைக்கக் கூடாது என்று சீறினார். சுற்று முழுமையடைந்தது: வரும்போது சோஷலிசம், வந்தபின் ‘என்னுடையது’.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியை 1892இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி, கிறிஸ்தவ சோஷலிஸ்ட். 1954இல் கம்யூனிஸ்டுகளிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று அதில் ‘இறைவனின் கீழ்’ என்று சேர்த்தார்கள்.

ஆனால் எல்லோர் வாயிலும் அது வெறும் வசை இல்லை. மயாமியில் வாழும் கியூபா, வெனிசுவேலா குடும்பங்களுக்கு அந்தச் சொல் விட்டுவந்த வீட்டையும் சிறையில் இருந்த உறவினரையும் நினைவூட்டுகிறது. புளோரிடாவில் 2020இல் குடியரசுக் கட்சி அவர்களிடையே பெற்ற வாக்குகளைப் பிரச்சார மயக்கம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம்.

குடிமை உரிமைப் போராட்டத்தில் மறைந்த கை

1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை உலகம் மார்ட்டின் லூதர் கிங்கின் கனவு உரைக்காக நினைக்கிறது. பேரணியின் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், ரயில் பெட்டிப் பணியாளர் சங்கத்தை 1925இல் கட்டிய சோஷலிஸ்ட். அதை ஒழுங்கமைத்தவர் பயர்ட் ரஸ்டின், அவரும் சோஷலிஸ்ட். அதன் முழுப்பெயர் வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி அதன் கோரிக்கைகளில் ஒன்று. டெப்ஸ் காலக் கட்சி காண மறுத்த இணைப்பை இவர்கள் கண்டார்கள். பாடப்புத்தகங்கள் விடுதலையை வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டன.

திரும்பி வந்த பெயர்

1972இல் பழைய சோஷலிஸ்ட் கட்சி தன் பெயரையே கைவிட்டது. அதிலிருந்து பிரிந்த மைக்கேல் ஹாரிங்டனின் குழுவும் வேறொரு குழுவும் 1982இல் சேர்ந்து ‘அமெரிக்க ஜனநாயக சோஷலிஸ்டுகள்’ என்ற அமைப்பாயின. இது கட்சி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாக்குச்சீட்டில் அதன் பெயர் வராது. டவுன்லி திறந்த குறுக்குவழியில் நடப்பதே அதன் வேலை.

தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் பெர்னி சாண்டர்ஸ் 1981இல் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன் நகர மேயரானது வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில், சுயேச்சையாக. 2016இல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் நின்று ஒரு கோடியே 30 லட்சம் வாக்கு, அதாவது 43 சதவீதம் பெற்றார். சில ஆயிரம் பேர் மட்டும் இருந்த ஜனநாயக சோஷலிஸ்டுகள் அமைப்பு அடுத்த ஐந்தாண்டில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. 2008 நிதி நெருக்கடி, கல்விக் கடன், வாடகை, இவற்றில் வளர்ந்த தலைமுறைக்குச் சோவியத் ஒன்றியம் பாடப்புத்தகச் செய்தி மட்டுமே. 2025இல் கேலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 39 சதவீதம் பேர் சோஷலிசத்தை நல்லவிதமாகப் பார்த்தார்கள். ஜனநாயகக் கட்சியினரில் 66 சதவீதம்.

விதிவிலக்கும் உண்டு. புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த், ஜனநாயகக் கட்சிக்குள் நுழையாமலேயே 2013இல் சியாட்டில் நகரமன்றத்துக்குத் தேர்வானார். அங்கே நகரத் தேர்தலில் கட்சிப் பெயரே கிடையாது என்பதால் அது முடிந்தது. அடுத்த ஆண்டே 15 டாலர் குறைந்தபட்சக் கூலி சட்டமாயிற்று. 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டில் ஆனதும் அவர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான்.

மேயரால் என்ன முடியும்?

மம்தானியின் வாக்குறுதிகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம்.

1. இலவசப் பேருந்து. நியூயார்க் பேருந்துகளும் சுரங்க ரயிலும் மாநில அரசின் கீழுள்ள ஆணையத்தின் கையில். மேயர் தனியாக முடிவெடுக்க முடியாது.

2. பணக்காரர்கள் மீது கூடுதல் வருமான வரி. மாநிலத் தலைநகர் ஆல்பனி சம்மதிக்க வேண்டும்.

3. வாடகை உயர்வை நிறுத்துதல். இது மேயருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சுமார் பத்து லட்சம் வீடுகளின் வாடகை வரம்பை முடிவுசெய்யும் வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களையும் நியமிப்பவர் அவர்தான். முன்னாள் மேயர் டி பிளாசியோ காலத்தில் ஓராண்டு ஒப்பந்தங்களுக்கு உயர்வே இல்லை என்ற முடிவு 2015, 2016, 2020 ஆண்டுகளில் எடுக்கப்பட்டிருக்கிறது.

4. நகரமே நடத்தும் மளிகைக் கடைகள், முதலில் நகரின் ஐந்து பகுதிகளிலும் ஒவ்வொன்று. கூட்டுறவு அங்காடியில் பருப்பு வாங்கி வளர்ந்த தமிழருக்கு இதில் வியப்பில்லை. அங்கேயோ மிக அதிகக் கூச்சலைக் கிளப்பியது இந்த ஐந்து கடைகள்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைவீரர் குடும்பங்களுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட மளிகைக் கடைகளை நெடுங்காலமாக நடத்திவருகிறது. அடக்க விலைக்கு மேல் 5 சதவீதம் மட்டும் வைத்து விற்கிறார்கள்.